ஆலை வாசலில் நின்று பார்த்தால்

(விடுதலை நாள் மாலை, ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர் வாசிப்பு வட்டம் ஒன்று கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘காலனி நாடுகளின் விடுதலை இயக்கங்கள்: ஓர் ஒப்பீடு’. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாகக் காந்தியையும் ஹோ சி மின்னையும் எதிரெதிரே நிறுத்துவார்கள். அகிம்சையா ஆயுதமா என்று பட்டிமன்றம் நடக்கும். கடைசியில் நடுவர் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி மதிப்பெண் போட்டுவிட்டு ஆட்டோ ஏறிவிடுவார். அந்தப் பட்டிமன்றத்தை நான் நடத்தப் போவதில்லை. எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்க ஸ்ரீபெரும்புதூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இன்று ஆகஸ்ட் 15. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாய் ஆலையிலும், சுங்குவார்சத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் சாம்சங் ஆலையிலும் காலையில் நம் கொடி ஏறியிருக்கும். அங்கே வேலை பார்க்கும் கொரியர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்று அவர்களுக்கும் விடுதலை நாள்தான். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. 35 ஆண்டு ஜப்பானிய ஆட்சி கொரியாவில் முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் நமக்கு விடுதலை. இது தற்செயல் இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்து ஜப்பானின் சரணடைவை ஏற்றவர் மவுண்ட்பேட்டன். இந்தியாவுக்கு ஒரு தேதி குறிக்க வேண்டி வந்தபோது, அந்த வெற்றியின் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் ஆகஸ்ட் 15ஐச் சொன்னதாக அவரே பிற்பாடு கூறியிருக்கிறார். நம் விடுதலையின் தேதியைக் கொரியாவின் விடுதலை தீர்மானித்தது என்றுகூடச் சொல்லலாம்.

இன்னும் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். இங்கே ஆலை நடத்தும் ஃபாக்ஸ்கான் தைவானில் பிறந்த நிறுவனம். தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் காலனி. ஒரகடத்தில் 2010இல் தொடங்கிய கார் ஆலை, பிரான்சின் ரெனோவும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து எழுப்பியது. அந்த இரண்டு நாடுகளுமே ஒரு காலத்தில் பேரரசுகள். ஆண்ட நாடுகளும் ஆளப்பட்ட நாடுகளும் ஒரே சிப்காட் தொழிற்பூங்காச் சாலையில் அடுத்தடுத்து கேட் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் நாம் இருக்கிறோம். நாமோ பிரிட்டனின் பழைய காலனி.

என் கேள்வி இதுதான். இந்த நாடுகளின் விடுதலை வரலாற்றை மாளிகை வாசலிலிருந்தும் மாநாட்டுப் பந்தலிலிருந்தும் பார்க்காமல், ஆலை வாசலில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது? போராட்டத்தில் தொழிலாளி எங்கே நின்றான்? கொடி ஏறிய பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது? குறிப்பாக, நாலு பேர் கூடிச் சங்கம் வைக்கும் உரிமை என்ன ஆயிற்று? ஒரு விடுதலை எவ்வளவு ஆழமானது என்பதை அளக்க இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. என் பேச்சு முழுக்க இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

முதலில் 1919.

முதல் உலகப் போர் முடிந்திருந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் தேசங்களின் சுயநிர்ணயத்தைப் பற்றிப் பேசிய பேச்சு உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அவர் மனதில் இருந்தது ஐரோப்பா. கேட்டுக்கொண்டிருந்ததோ ஆசியாவும் ஆப்பிரிக்காவும். மார்ச் 1 அன்று சியோலில் 33 பேர் கையெழுத்திட்ட விடுதலைப் பிரகடனம் பகோடா பூங்காவில் வாசிக்கப்பட்டது. கையெழுத்திட்டவர்களில் 16 பேர் கிறிஸ்தவர்கள், 15 பேர் சோண்டோகியோ என்ற கொரிய மதத்தைச் சேர்ந்தவர்கள், 2 பேர் பௌத்தர்கள். ஒரே வாரத்தில் எகிப்தில் விடுதலை இயக்கத் தலைவர் சாத் சக்லூலைப் பிரிட்டிஷ் அரசு கைது செய்து மால்டா தீவுக்கு அனுப்ப, கெய்ரோ கொந்தளித்தது. டிராம் தொழிலாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அதே மார்ச் மாதம் சென்னை கதீட்ரல் சாலையில் ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்த காந்திக்கு, ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்க ஹர்த்தால் நடத்தலாம் என்ற யோசனை விடியற்காலையில் தோன்றியது. அதை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஏப்ரல் 6 அன்று ஹர்த்தால் நடந்தது. மே 4 அன்று பெய்ஜிங் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

இவர்கள் ஒருவரை ஒருவர் கலந்து பேசவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. பாரிஸ் சமாதான மாநாட்டுக்குக் கொரியர்கள் அனுப்பிய பிரதிநிதியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னாளில் ஹோ சி மின் ஆன இளைஞர் கொடுத்த மனுவும் குப்பைக்குப் போனது. ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை. இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, கொரியாவின் ஜியாம்-ரி கிராமத்தில் ஜப்பானியச் சிப்பாய்கள் ஊர் ஆண்களை ஒரு தேவாலயத்துக்குள் அழைத்து, கதவை அடைத்து, சுட்டுத் தீ வைத்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் கிராமம் இன்று ஹ்வாசங் நகராட்சியில் இருக்கிறது. ஹூண்டாயின் நாம்யாங் ஆராய்ச்சி மையமும் சாம்சங்கின் சிப் ஆலையும் அதே ஹ்வாசங்கில்தான் இருக்கின்றன. பயிற்சிக்காகக் கொரியா போகிறவர்கள் இந்த அவையில் இருக்கலாம். வாய்ப்புக் கிடைத்தால் அந்த நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இறந்தவர்களை எண்ணுவதிலும் இரண்டு அரசுகளும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. ஜாலியன்வாலா பாகில் அரசுக் கணக்கு 379. காங்கிரஸ் விசாரணைக் குழு சுமார் 1,000 என்றது. கொரியாவில் ஜப்பானிய அரசின் கணக்கு 553. கொரிய வரலாற்றாசிரியர் பாக் உன்-சிக் எழுதிய எண்ணிக்கை 7,500ஐத் தாண்டியது. நேரு 1932ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் கொரியாவின் இந்தப் போராட்டத்தைச் சொல்லி, அதில் இளம் பெண்களின் பங்கைக் கவனிக்கச் சொல்கிறார். யூ குவான்-சூன் என்ற பள்ளி மாணவி சொந்த ஊர்ச் சந்தையில் ஊர்வலம் நடத்தினாள். பெற்றோர் இருவரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். அவளும் சிறையில் 1920இல் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 17.

இதுவரை நான் சொன்னது மாணவர்கள், மத குருமார்கள், வக்கீல்கள் கதை. இப்போது ஆலை வாசலுக்கு வருவோம்.

நம் கதை 1919க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பாடப் புத்தகம் அவரைக் கப்பலோட்டியவராகவே நிறுத்திவிடுகிறது. 1908 பிப்ரவரியில் அவர் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்களோடு வேலைநிறுத்தத்தில் நின்றார். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் பெற்றுக் கொடுத்தார். ஒன்பது நாளில் வெற்றி. அடுத்த சில நாளில், மார்ச் 12 அன்று, வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக இல்லை, தலைவருக்காக. திலகருக்குத் தண்டனை கொடுத்ததைக் கண்டித்துப் பம்பாய் மில் தொழிலாளர்கள் நடத்திய புகழ்பெற்ற வேலைநிறுத்தம் அதே ஆண்டு ஜூலையில்தான் வந்தது. கப்பல் விட்டதற்காக மட்டும் வெள்ளை அரசு வ.உ.சிக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்திருக்குமா? வியாபாரப் போட்டியை மலிவுக் கட்டணத்தால் நசுக்கிவிடலாம். அதை அவர்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள். மில் தொழிலாளியும் சுதேசியும் கைகோத்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

கொரியாவில் இதற்கு இணை வோன்சான் துறைமுகம். அங்கே ஒரு எண்ணெய் நிறுவனத்தில் ஜப்பானிய மேற்பார்வையாளர் ஒருவர் கொரியத் தொழிலாளி ஒருவரை அடித்தார். அதிலிருந்து கிளம்பிய பொறி 1929 ஜனவரியில் ஊர் முழுக்க வேலைநிறுத்தமானது. சுமார் 2,000 தொழிலாளர்கள் மூன்று மாதம் தாக்குப்பிடித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1931 மே மாதம், பியாங்யாங் நகரில் ரப்பர் செருப்பு ஆலை ஒன்று கூலியைக் குறைத்தது. காங் ஜூ-ரியாங் என்ற பெண் தொழிலாளி ஊரின் பழைய மண்டபத்துக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து, கீழே கூடிய மக்களிடம் பேசினாள். ஒரு ஆலையில் 49 பேரின் கூலியைக் குறைத்தால் நாளை எல்லா ஆலையிலும் குறையும் என்பது அவள் வாதம். பிடித்துக்கொண்டு போனார்கள், அடுத்த ஆண்டே இறந்துபோனாள். 2007இல் தென்கொரிய அரசு அவளை விடுதலைப் போராளி என்று அங்கீகரித்துப் பதக்கம் அறிவித்தது. கவனியுங்கள். அவள் ஏறியது கூலிக்காக. முக்கால் நூற்றாண்டு கழித்து அரசே அதை நாட்டு விடுதலைக்கான போராட்டம் என்று ஒப்புக்கொண்டது. கூலிப் போராட்டம் வேறு, விடுதலைப் போராட்டம் வேறு என்று கோடு கிழிப்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டாம்.

இனி பக்கத்து ஊர். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் வாசலில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது 8 மணி நேர வேலை. அந்த நேரத்தில் பாரிஸில் லியோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி நடந்தது. பிரெஞ்சுத் தொழிலாளிக்கு அந்தக் கோடையில்தான் வாரம் 40 மணி நேர வேலை கிடைத்திருந்தது. தொழிலாளர் தலைவர் வ.சுப்பையா பாரிஸ் வரை போய் வாதாடினார். 1937 ஏப்ரலில் புதுச்சேரியில் 8 மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. பிரிட்டிஷ் இந்தியாவில் 8 மணி நேர வேலை வர இன்னும் பத்தாண்டு ஆக வேண்டியிருந்தது. அதே சுப்பையாவும் அதே மில் தொழிலாளர்களும் பிறகு பிரெஞ்சு ஆட்சியையே வெளியேற்றும் போராட்டத்தின் முதுகெலும்பு ஆனார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். சங்க உரிமை முதலில் வந்து, நாட்டு விடுதலை பின்னால் வந்த ஊர் புதுச்சேரி. 

கடல் கடந்து மலாயாவுக்குப் போவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னின்றவர் ஆர்.எச்.நாதன். கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் பள்ளி, பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துவது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு தேசியவாதி மேடையில் சுயமரியாதை என்று பேசுவதைத் தோட்டத் தொழிலாளி சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து கேட்டான். போருக்குப் பின் மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரான தஞ்சைக்காரர் எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4 அன்று பிரிட்டிஷ் அரசு தூக்கிலிட்டது. எட்டு ஆண்டு கழித்து, 1957இல், மலாயா விடுதலை பெற்றது. அதற்குள் அந்தத் தலைமுறைத் தொழிற்சங்கம் துடைத்தெறியப்பட்டிருந்தது.

இந்த ஊர்களை ஆண்ட மூவரும் வேறு வேறு வகை. ஜப்பானியர் 1919 வரை கொரியாவை ராணுவப் போலீஸ் வைத்து ஆண்டார்கள். பிறகு சில ஆண்டுகள் பிடியைத் தளர்த்திப் பத்திரிகை நடத்த விட்டார்கள். 1930களின் இறுதியில் பள்ளியில் கொரிய மொழியையே ஒழித்தார்கள், ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிரிட்டிஷார் சட்டசபை, நீதிமன்றம், பத்திரிகை என்று கொஞ்சம் இடம் விட்டார்கள். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பவே விட்டார்கள். இவ்வளவு வேறுபாடு இருந்தும் ஓரிடத்தில் மூவரும் ஒன்றுபட்டார்கள். மனுவைப் பொறுத்துக்கொண்டார்கள், மாநாட்டைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆலை நின்றால் துப்பாக்கியை எடுத்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டுத் தொழிலாளர் வரலாறு முழுக்க ஒற்றுமை வரலாறு என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை பெரம்பூருக்குப் போவோம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களே அதன் உயிர். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. என்று தலைவர்கள் அமைந்தார்கள். 1920இல் நிர்வாகம் நீதிமன்றம் போய்ச் சங்கத் தலைவர்கள்மேல் தடையாணையும் நட்டஈடும் கேட்டது. சங்கம் நடத்துவதே சட்ட விரோதமாகிவிடுமோ என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். இன்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்யப் போகும்போது பெரம்பூர்த் தொழிலாளியின் தோளில் ஏறித்தான் போகிறோம்.

ஆனால் அதே பெரம்பூரில் 1921 வேலைநிறுத்தம் சாதியில் உடைந்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் அவர்கள் குடிசைகள் எரிந்தன. கலவரம் மாதக்கணக்கில் நீடித்தது. அவர்களைக் கருங்காலி என்று திட்டுவது எளிது. சங்கத்திலும் ஊரிலும் சமமாக நடத்தப்படாதவனிடம் சங்க ஒழுக்கத்தை மட்டும் எப்படி எதிர்பார்ப்பது? நம் விடுதலை இயக்கத்தின் மிகப் பெரிய ஓட்டை இந்த இடத்தில் இருக்கிறது. கொரிய இயக்கத்தோடு ஒப்பிடும்போது நாம் பெருமைப்பட நிறைய உண்டு. வெட்கப்பட வேண்டியதும் உண்டு. ஒப்பிடுவதன் பயன் அதுதானே?

சரி, விடுதலை வந்தது. எப்படி வந்தது? நமக்கு அறுபது ஆண்டு அமைப்பு வேலைக்குப் பின் வந்தது. 1885இல் தொடங்கிய காங்கிரஸ், கிராமம் வரை கிளை பரப்பியிருந்தது. தொழிற்சங்கங்கள் இருந்தன. பத்திரிகைகள், சட்டசபைகள் இருந்தன. பிரிவினை என்ற பெரும் ரத்தக் களரி நடந்தும் இந்த அமைப்புகள் குலையவில்லை. கொரியாவுக்கு விடுதலை வெளியிலிருந்து வந்தது. ஷாங்காய் நகரில் 1919இல் தொடங்கிய கொரியத் தற்காலிக அரசைப் பெரிய வல்லரசுகள் எவையும் அங்கீகரிக்கவில்லை. ஜப்பான் வீழ்ந்ததும் 38ஆம் அட்சக்கோட்டில் நாட்டை அமெரிக்காவும் சோவியத்தும் பங்கு போட்டுக்கொண்டன. தெற்கில் தொழிலாளர்கள் 1945 நவம்பரிலேயே நாடு தழுவிய தொழிற்சங்கப் பேரவை அமைத்தார்கள். 1946இல் அவர்கள் நடத்திய பொது வேலைநிறுத்தத்தை அமெரிக்க ராணுவ ஆட்சி நசுக்கியது. தைவானில் ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் தனிச் சட்டமன்றம் கேட்டு 1921 முதல் 1934 வரை 15 முறை மனு கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1945இல் தீவு சீனக் குடியரசின் கைக்கு மாறியது. 1947இல் மக்கள் எழுந்தபோது பெரும் படுகொலை. 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம். வியட்நாம் பிரான்சோடும் அமெரிக்காவோடும் முப்பதாண்டு போர் நடத்தி வென்றது; வென்ற கட்சியே ஆள்கிறது; அங்கே சட்டம் ஏற்கும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஒன்றே ஒன்று.

இலங்கை நம்மைக் கூடுதலாக உலுக்க வேண்டிய கதை. 1931இல் முழு விடுதலை கேட்டுத் தேர்தலையே புறக்கணித்தவர்கள் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ்காரர்கள். யாழ்ப்பாணத்தில் நான்கு தொகுதிகளில் வேட்பு மனுவே விழவில்லை. அவ்வளவு துணிச்சல் தீவின் மற்ற பகுதிகளில் அப்போது இல்லை. கடைசியில் 1948 பிப்ரவரி 4 அன்று பேச்சுவார்த்தையால் விடுதலை வந்தது. பெரிய ரத்தம் சிந்தாத விடுதலை என்று அதைப் புகழ்வார்கள். அதே ஆண்டு நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத்தின் சுமார் 7 லட்சம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. நாட்டின் அன்னியச் செலாவணியில் பெரும்பகுதியை ஈட்டிய தேயிலையைக் கிள்ளிய கைகள் அவை. 1947 தேர்தலில் அவர்கள் வாக்கால் நாடாளுமன்றம் போனவர்கள் இருந்தார்கள். 1952 தேர்தலில் அந்தக் குரல் அழிக்கப்பட்டது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள்; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடி மாறியது; தொழிலாளி குடிமகன் இல்லை என்றாயிற்று.

இப்போது அளவுகோலை வைத்துப் பாருங்கள். தென்கொரியாவில் விடுதலைக்கு 25 ஆண்டுக்குப் பின், 1970 நவம்பர் 13 அன்று, சியோல் துணிச் சந்தையில் ஜான் தே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, எழுத்தில் மட்டும் இருந்த தொழிலாளர் சட்டப் புத்தகத்தோடு தன்னைத் தீக்கிரையாக்கிக் கொண்டான். 1987 கோடையில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய பிறகே சுதந்திரமான சங்கங்கள் வேர் பிடித்தன. சாம்சங் நிறுவனத்தின் துணைத் தலைவர் 2020 மே மாதம் தொலைக்காட்சியில் தலை குனிந்து, இனிச் சங்கம் கூடாது என்ற கொள்கை இருக்காது என்றார். தைவானில் 1987க்குப் பிறகே மூச்சு விட முடிந்தது. அவர்களுடைய ஆகஸ்ட் 15, ஆலைக்குள் வந்து சேர நாற்பது ஆண்டு பிடித்தது.

நம்மிடம் 1926 சட்டம் இருந்தது. 1950இல் அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆசியாவில் இது சாதாரண விஷயம் இல்லை. இருந்தும் 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் தொழிலாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது, கூலிக் கோரிக்கைகளோடு அவர்கள் கேட்டதில் முக்கியமானது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். 37 நாள் நீடித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதற்கு முன்பே 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டில் பலர் நோயுற்றதைக் கண்டித்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். சங்கம் வைக்கும் உரிமை காகிதத்தில் இருப்பது வேறு, கான்ட்ராக்டில் வந்த பெண் அதைக் கையில் எடுப்பது வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அப்படியானால் இந்தக் கம்பெனிகளும் காலனி ஆட்சிதான் என்று மேடைகளில் முழங்குகிறவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். ஹூண்டாயை நிறுவிய ஜங் ஜூ-யங் இளமையில் சியோலில் நடத்திய அரிசிக்கடை, ஜப்பானியப் போர்க்கால ரேஷன் கட்டுப்பாட்டால் 1939இல் மூடப்பட்டது. அவரும் காலனி ஆட்சியில் அடிபட்டவரே. வ.உ.சியின் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் ஒரு வியட்நாம் நிறுவனம் மின்சாரக் கார் ஆலை திறந்திருக்கிறது. ஒருவேளை வ.உ.சியும் ஹோ சி மின்னும் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்; கோபப்பட்டிருக்க மாட்டார்கள். காலனி ஆட்சி என்பது அந்நியன் தொழில் நடத்துவது இல்லை. உன்மேல் பாயும் சட்டத்தை மாற்ற உனக்கு வழியே இல்லாமல் போவது. நமக்கு வழி இருக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்புக் கிளம்பியது. மே தினத்தன்று முதலமைச்சர் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். சவானா மில் வாசலில் 12 உயிர் கொடுத்து வாங்கிய மணி நேரத்தை ஒருவர் உயிரும் போகாமல் காப்பாற்றிக்கொண்டோம். விடுதலைக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே இருக்கிறது. ஆகவே காலனியாதிக்கம் என்ற சொல்லை வீசி எறிந்து மலிவாக்க வேண்டாம். அதைச் சொல்லிவிட்டால் நம் அரசுக்கும் நமக்கும் உள்ள பொறுப்பு தப்பிவிடும்.

கடைசியாக ஒன்று. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் உறுத்துவது கொரியா இல்லை, மலையகம். ஒரு தேசியம் தன்னிடம் உழைக்க வந்தவனைப் பார்த்து நீ யார், எந்த ஊர் என்று கேட்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதை நம் சொந்த ரத்தமே பட்டறிந்திருக்கிறது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வரிசையாக நிற்கும் தகரக் கொட்டகைகளில் ஒடிசா, ஜார்கண்ட், பீகார்ப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். வடக்கன் என்று பேசுகிறோம். அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. பீகார்ப் பையன் சம்பாரணிலிருந்து வந்திருக்கலாம். 1917இல் அவுரி விவசாயிகளுக்காகக் காந்தி இந்திய மண்ணில் முதல் சத்தியாகிரகம் நடத்திய மாவட்டம் அது. ஜார்கண்ட் பையன், 1900இல் ராஞ்சி சிறையில் 24 வயதில் இறந்த பிர்சா முண்டாவின் மண்ணிலிருந்து வருகிறான். நம் சங்கத்தில் அவனுக்கு இடம் இருக்கிறதா? நோட்டீஸை அவன் மொழியில் அடிக்கிறோமா? 1921இல் பெரம்பூர் கற்றுத்தந்த பாடத்தை 1948இல் கொழும்பு இன்னும் கொடுமையாகக் கற்றுத்தந்தது. கூட நின்று உழைக்கிறவனைக் கணக்கில் எடுக்காத ஒற்றுமை, முதல் நெருக்கடியிலேயே முறியும்.

விடுதலை வரலாறுகளை இனி நீங்கள் படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். யார் வேலையை நிறுத்தினார்கள்? விடுதலைக்குப் பிறகு அவர்கள் சங்கம் என்ன ஆயிற்று? யாரைக் கணக்கில் எடுக்காமல் விட்டார்கள்? அந்த மூன்றாவது கேள்வி நமக்கும் பொருந்தும் என்பதால், வாசிப்பு வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். அடுத்த ஆகஸ்ட் 15 கூட்டத்தில் இந்த மேடையில் ஒரு ஒடியாத் தொழிலாளியும் ஒரு கொரிய ஊழியரும் தங்கள் விடுதலைக் கதையைச் சொல்லட்டும். மொழிபெயர்த்துச் சொல்ல நம் பிள்ளைகளில் ஆள் இருக்கிறது. நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.